எனக்கு முன்னால் ஒரு பெயர்

1

ஒரே வாரத்தில் எனக்கு இரண்டு முதலிடம் கிடைத்துவிட்டது. ஏறக்குறைய நாற்பத்தாறு வயது வரை எதிலும் முதலாவதாக வராதவனுக்குக் கொஞ்சம் இடைவெளி விட்டுக் கொடுத்திருக்கலாம்.

முதலாவது ஊரிலிருந்து வந்தது. பெரியப்பா காலமாகி வருஷம் திரும்பிவிட்டது, அவருக்கு ஆண்பிள்ளை இல்லை, அதனால் அம்மன் கோயில் முதல் மரியாதை இனி நம் வீட்டுக்குத்தான், மூத்தவன் நீ வந்து பரிவட்டம் கட்டிக்கொள்ள வேண்டும் என்று தம்பி எழுதியிருக்கிறான். கடிதத்தை மகள் வள்ளியிடம் காட்டினேன். அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும்.

“பரிவட்டம்னா என்னப்பா?”

“தலையில கட்டுற துணி.”

“அதுக்கா கப்பல் ஏறணும்?”

துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டேன்.

இரண்டாவது இங்கே மலாயாவில், குளுவாங்கில், எங்கள் பஸ் கம்பெனிக் கொட்டகையில். நேற்று புதிதாக டைப் அடித்த டிரைவர் பட்டியலை ஒட்டியிருந்தார்கள். மூப்பு வரிசைப்படி முதல் பெயர் முத்தையா. அது நான்தான். சங்கச் செயலாளர் என் தோளில் தட்டினார். இருபத்தைந்து வயதுப் பிள்ளை, துடிப்பானவர்.

“அண்ணே, இனிமே நீங்கதான் ஒண்ணாம் நம்பர். பசியாறல் வாங்கித் தரணும் லா.”

“போன வாரம் வரைக்கும் ரெண்டாவதா இருந்தேனே தம்பி. மேல இருந்தவரு எங்க?”

“எடுத்தாச்சே. ஜப்பான் சண்டை முடிஞ்சு ரெண்டு வருசமா வராதவங்க பேர எடுத்துடலாம்னு சங்கமும் ஒத்துக்கிச்சு. நீங்ககூட கூட்டத்துல இருந்தீங்களே.”

இருந்தேன். கையும் தூக்கினேன். எல்லாரும் தூக்கும்போது நானும் தூக்குவது வழக்கம். அது யாரைப் பற்றிய தீர்மானம் என்று யோசிக்கவில்லை. யோசித்துக் கை தூக்கினால் தோள் வலிக்கும் என்று நினைக்கிற ஆள் நான்.

மேலே இருந்த பெயர் அந்தோணி. லாயாங் லாயாங் ஊர்க்காரன். ஜப்பான்காரர் காலத்தில் சயாமுக்குப் போனவன், இன்னும் வரவில்லை. அவன் மனைவி லூர்தம்மா, என் பஸ் லாயாங் லாயாங்கில் நிற்கும்போதெல்லாம் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்பாள்: பலகையில் பெயர் இருக்கிறதா? இருக்கிறது என்பேன். போய்விடுவாள். பெயர் இருக்கிற வரைக்கும் ஆள் இருக்கிறார் என்று அவளுக்கு ஒரு கணக்கு.

இன்று எனக்கு ஓய்வு நாள். நாளைக் காலை லாயாங் லாயாங் வண்டி என்னுடையது. அவளிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஊரிலிருந்து எழுதுகிற எல்லாரும் ஜப்பான் காலத்தில் மரவள்ளிக்கிழங்கு தின்றீர்களாமே என்றுதான் கேட்கிறீர்கள். தின்றோம். அதை மூன்று கடிதத்தில் எழுதிவிட்டேன். இது வேறு விஷயம்.

2

அறந்தாங்கிப் பக்கம் எங்கள் ஊர்க் கோயிலில் திருநீற்றுத் தட்டை முதலில் அப்பாவுக்கு நீட்டுவதா, பெரியப்பாவுக்கு நீட்டுவதா என்று ஒரு வழக்கு இருந்தது. பெரியப்பா வயதில் மூத்தவர். அப்பா முதல் தாரத்தின் பிள்ளை, பெரியப்பா இரண்டாம் தாரத்தின் பிள்ளை. எப்படி இரண்டாம் தாரத்துப் பிள்ளை மூத்தவரானார் என்று கேட்காதீர்கள். அதைக் கேட்டவர்கள் யாரும் எங்கள் வீட்டில் மறுபடி சாப்பிட்டதில்லை.

ஒரு வருஷம் பூசாரி தட்டை இருவருக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு நின்றார். எடுங்க என்றார் அப்பா. நீ எடு என்றார் பெரியப்பா. இரண்டு பேருக்கும் மரியாதை தெரியும், அதனால் யாரும் எடுக்கவில்லை. ஆனால் மற்றவர் எடுத்திருந்தால் வெட்டுக்குத்து நடந்திருக்கும். கற்பூரம் அணைந்து போயிற்று. அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

எனக்குப் பத்தொன்பது வயதில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினேன். யார் முதலில் என்கிற சண்டை இல்லாத நாட்டுக்குப் போகிறேன் என்று கப்பலில் எல்லாரிடமும் சொன்னேன். கப்பலில் சோறு வாங்குகிற வரிசையிலேயே இரண்டு பேரிடம் அடி வாங்கினேன் என்பதை அப்போது ஊருக்கு எழுதவில்லை.

3

ரப்பர் தோட்டத்தில் சில வருஷம் பால்மரம் வெட்டினேன். மரத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. பிறகு குளுவாங்கில் பச்சை பஸ் கம்பெனியில் வண்டி கழுவச் சேர்ந்தேன். கழுவினேன், பிறகு கண்டக்டராகச் சீட்டுக் கிழித்தேன், பிறகு லைசென்ஸ் எடுத்து ஓட்டினேன். பச்சை பஸ் லாபிஸ் பக்கம் போகும். ஊரில் இன்னொரு கம்பெனியும் இருந்தது. சிவப்பு பஸ். அது லாயாங் லாயாங்குக்கும் மெர்சிங்குக்கும் போகும். இரண்டு கம்பெனி டிரைவர்களும் எதிரெதிரே வந்தால் ஹாரன் அடிப்போம். பாசம் கிடையாது, வழி விடு என்பதற்காக.

அந்தோணி சிவப்பு பஸ். தோட்டத்து லாரி ஓட்டிப் பழகி நேராக டிரைவராக வந்தவன். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டையோடு பூசைக்குப் போவான். திங்கட்கிழமையும் அதே சட்டையில் மடிப்புக் கலையாமல் வேலைக்கு வருவான். எனக்கு அவனைப் பிடிக்காததற்கு முதல் காரணம் அந்தச் சட்டை.

இரண்டாவது காரணம் வயது. யார் மூத்தவன் என்று எங்களுக்குள் தீரவே இல்லை. அவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த தேதி கோயில் ஏட்டில் இருந்தது. எனக்கு எங்கள் ஊரில் பெரிய புயல் அடித்த வருஷம். அது எந்த வருஷம் என்று புயலுக்குத்தான் தெரியும். ஆகவே அவன் என்னை அண்ணே என்று கூப்பிடவில்லை, நானும் அவனைக் கூப்பிடவில்லை. யோவ் என்று இருவரும் சமமாகக் கூப்பிட்டுக்கொண்டோம். அவன் மனைவியை மட்டும் நான் வேண்டுமென்றே தங்கச்சி என்பேன், தம்பி பெண்டாட்டியைக் கூப்பிடுகிற மாதிரி. அவள் சிரிப்பாள்.

“ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டு வாங்க. அப்புறம் காப்பி போடுறேன்.”

ஜப்பான்காரர்கள் வந்ததும் நல்ல பஸ்களைப் பட்டாளம் எடுத்துக்கொண்டது. சிவப்பு பஸ் முதலாளி, சீனத் தவுக்கே, எங்கோ ஓடிவிட்டார். பச்சைத் தவுக்கே ஓட முடியாமல் படுத்துவிட்டார். மிச்சமிருந்த பதினொரு பஸ்ஸையும் ஒரே கொட்டகையில் நிறுத்திச் சேற்று நிறத்தில் சாயம் பூசி, இனி ஒரே கம்பெனி என்று அறிவித்தார்கள். பெட்ரோல் கிடையாது. பின்னால் ஒரு பீப்பாயை மாட்டி, அதில் கரி போட்டு எரித்து, அந்தப் புகையில் ஓட்ட வேண்டும். ஏறுவதற்கு முன் பத்து நிமிஷம் கையால் விசிறி சுற்ற வேண்டும். மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ளுவார்கள். சீட்டு வாங்கியவர்களே தள்ளிய பஸ் உலகத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும்.

பதினொரு பஸ், இருபத்துமூன்று டிரைவர்கள். அதிகாரியாக வந்த ஜப்பான்காரர் இளவயது. கோபமாகப் பேசாதவர், அதனால் இன்னும் பயமாக இருந்தது. அவர் கேட்டது ஒன்றுதான்: ஒரே பட்டியல் வேண்டும், மூத்தவன் முதலில். பட்டியலில் மேலே இருப்பவர்கள் தங்களுக்கு வேண்டிய பாதையை எடுத்துக்கொள்ளலாம். லாபிஸ், லாயாங் லாயாங் போனால் மத்தியானம் வீட்டுக்கு வந்துவிடலாம். அடுத்தவர்களுக்கு மெர்சிங் பாதை. காடு, உடைந்த பாலம், ஒரு பக்கம் பட்டாளம் நிறுத்தும், மறுபக்கம் ஜப்பான்காரரை எதிர்த்துக் காட்டுக்குள் இருப்பவர்கள் நிறுத்துவார்கள். கடைசியில் மிஞ்சுகிறவர்களுக்கு பஸ்ஸே இல்லை, விமானத் திடலில் மண் சுமக்க வேண்டும்.

பட்டியல் என்றால் என்ன என்று அன்றுதான் எங்களுக்குப் புரிந்தது.

4

சங்கம் என்று வெளியே சொன்னால் பிடித்துக்கொண்டு போவார்கள். அதனால் கொட்டகைக்கு எதிரே இருந்த ஒட்டுக்கடையில் காப்பி குடிக்கிற மாதிரி கூடினோம். காப்பி என்பது வறுத்த சோளம். என் மனைவி காய்ச்சலில் போய் இருபது நாள் ஆகியிருந்தது. மருந்து கிடைக்கவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத வரவில்லை. வீட்டில் இருக்க முடியாமல்தான் சண்டை போடக் கிளம்பி வந்தேன்.

சிவப்பு கம்பெனியில் லைசென்ஸ் எடுத்த நாளிலிருந்து மூப்பு. பச்சை கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மூப்பு, அது வண்டி கழுவுகிற வேலையாக இருந்தாலும். அவர்கள் கணக்கில் அந்தோணி ஒன்று, நான் பத்துக்கும் கீழே. எங்கள் கணக்கில் நான் ஒன்று, அந்தோணி எங்கோ.

“ஸ்டியரிங் புடிச்சவன்தானய்யா டிரைவர். லைசென்ஸ் தேதிதான் கணக்கு” என்றான் அந்தோணி.

“வண்டி கழுவுனதும் வேலைதான்யா. கழுவாத வண்டியில உங்க சிவப்பு ஆளுங்கதான் ஏறுவாங்க.”

“கழுவுனத கணக்குல சேத்தா மழைக்கும் ஒரு நம்பர் குடுக்கணும். உனக்கு முந்தியே அது கழுவுது.”

எங்கள் ஆட்களே சிரித்துவிட்டார்கள். எனக்குக் கோபம் அதற்குத்தான். சிரிக்க வைப்பது என் வேலை, அதிலும் அவன் எனக்கு மூத்தவனாகிவிட்டான்.

மூன்று நாள் கூடினோம். மூன்றாவது நாள் கம்பெனிக் கிராணி வந்தார். கணக்கு எழுதுகிறவர், அந்தோணி போகும் கோயிலுக்கே போகிறவர், சண்டை என்றால் வயிற்றுவலி வருகிறவர். “அலமாக், இன்னும் முடியலையா? நாளைக்கு நான் குடுக்கலேன்னா அவரே எழுதிடுவாரு” என்று சொல்லிவிட்டு ஒரு வழி சொன்னார். சிவப்பில் ஒருத்தர், பச்சையில் ஒருத்தர், மாறி மாறிக் கோத்துவிடலாம். அவரவர் கம்பெனி வரிசை அவரவருக்கு. இடம் பிடிக்காதவர்கள், இரண்டு பேரும் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால் இடம் மாற்றிக்கொள்ளலாம். எல்லாரும் களைத்துப்போயிருந்தோம், ஒத்துக்கொண்டோம்.

அப்புறம் ஒரே கேள்விதான் மிச்சம். முதல் பெயர் சிவப்பா, பச்சையா? அதாவது அந்தோணியா, நானா?

“சுண்டிப் பாத்துரலாம்” என்றார் கிராணி. ஆனால் நாட்டில் காசே இல்லை. ஜப்பான்காரர் அடித்த, வாழைமரம் போட்ட நோட்டுதான். நோட்டைச் சுண்டினால் விழுவதற்குள் பசியாறிவிட்டு வந்துவிடலாம். அந்தோணி நாலு பக்கமும் பார்த்துவிட்டு இடுப்பிலிருந்து ஒரு பழைய காசை எடுத்தான். வெள்ளைக்கார ராஜாவின் தலை போட்டது. அதை வைத்திருந்தது தெரிந்தால் அவன் தலையும் போயிருக்கும்.

“எனக்குத் தலை” என்றான்.

சுண்டினார்கள். காசு மேசையில் பட்டு உருண்டு பெஞ்சுக்கு அடியில் போயிற்று. நான்தான் பக்கத்தில் இருந்தேன். குனிந்தேன். எடுத்தேன். “பூ” என்று சொன்னேன்.

அந்தோணி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு காசை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து போனான்.

5

அந்தப் பட்டியலை ஜப்பான் எழுத்தில் எழுதி ஒட்டினார்கள். ஒவ்வொரு பெயரும் மேலிருந்து கீழாகத் தொங்கியது, கயிற்றில் கருவாடு மாதிரி. எது யார் என்று யாருக்கும் தெரியவில்லை. இடது பக்கம் முதலில் இருப்பது நான்தான் என்று எண்ணிக்கொண்டு அதற்கு நேரே நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

வள்ளி எனக்குச் சாப்பாடு கொண்டு வந்திருந்தாள். அப்போது பத்து வயது. பள்ளிக்கூடத்தில் ஜப்பான் பாஷைதான் படிப்பு. அவர்கள் பாட்டைத் தூக்கத்திலும் பாடுவாள். சாலையில் காவல்காரனுக்கு நான் குனிந்து வணங்கினால், முதுகு வளையுது, இடுப்புதான் வளையணும் என்று திருத்துவாள்.

பலகையை ஒரு பார்வை பார்த்தாள்.

“அப்பா, இது கடைசிப் பேருப்பா. அவங்க வலது பக்கத்துலேர்ந்து படிப்பாங்க. நீங்க அந்தக் கோடியில இருக்கீங்க.”

என்னோடு சேர்ந்து நெஞ்சை நிமிர்த்தி நின்ற ஐந்து பேரும் மெதுவாக மறுகோடிக்கு நடந்தோம். அங்கே துக்கத்தோடு நின்றிருந்த ஐந்து பேர் இந்தக் கோடிக்கு வந்தார்கள். நடுவில் சந்தித்தபோது யாரும் யாரையும் பார்க்கவில்லை. அந்தோணி மட்டும் இரண்டாவது இடத்துக்கு நேரே நின்று, “பொண்ணு நல்லா படிக்குதுய்யா” என்றான். அதற்குப் பிறகு எட்டு மாதம் என்னோடு பேசவில்லை.

நான் லாபிஸ் பாதையை எடுத்துக்கொண்டேன். கடிகாரத்தைத் தோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னால் தள்ளி வைத்திருந்ததால் இருட்டோடு கிளம்பினாலும், மத்தியானம் வள்ளி பள்ளிவிட்டு வரும்போது வீட்டில் இருப்பேன். கிழங்கு அவித்துக் கொடுப்பேன். அந்தச் சந்தோஷத்தில் அந்தோணியின் மௌனம் பெரிதாகத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டேன்.

6

சயாமில் ரயில்பாதை போடுகிறார்கள், ஆள் பிடிக்கிறார்கள் என்று தோட்டங்களிலிருந்து செய்தி வந்தது. போனவர்கள் எழுதவில்லை. எங்களிடமும் ஆள் கேட்டால் பட்டியலின் அடியிலிருந்துதான் எடுப்பார்கள் என்று நினைத்தோம். இருபத்துமூன்றாவது ஆளின் மனைவி அந்த வாரமெல்லாம் அழுதாள். நான் போய் ஆறுதல்கூடச் சொன்னேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கிராணி என்னைக் கரி மூட்டைகளுக்குப் பின்னால் கூப்பிட்டார்.

“லாரி ஓட்ட ஒரு ஆள் கேட்டிருக்காங்க. சயாமுக்கு. நல்ல டிரைவரா வேணுமாம்.”

“அடியில இருக்கறவனுக்கு லாரி தெரியாதே.”

“அடியில இல்ல, முத்தையா. அதிகாரி பட்டியல பாத்தாரு. முதல் ஆளுதானே நல்ல ஆளு, நம்பர் ஒண்ணை அனுப்புன்னுட்டாரு. பேரு கேக்கல, நம்பர்தான் சொன்னாரு. திங்கக்கிழமை காலையில நான் பேர எழுதிக் குடுக்கணும்.” கொஞ்சம் நிறுத்தி, கரி மூட்டையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “நடுவுல ஞாயித்துக்கிழமை இருக்கு.”

மறுநாள் நான் செய்ததை எழுதாமல் விட்டால் மேலே எழுதியதெல்லாம் வீண். ரயிலேறி லாயாங் லாயாங் போனேன். அரை போத்தல் தேங்காயெண்ணெய் எடுத்துப்போனேன். அந்தோணி பூசை முடிந்து வந்து அந்த வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தான். லூர்தம்மா பின்கட்டில் சோளம் வறுத்துக்கொண்டிருந்தாள்.

“எட்டு மாசமா மூஞ்சி குடுக்காதவன் வீட்டுக்கு எண்ணெயோட வந்திருக்க” என்றான்.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததைச் சொன்னேன். “நானும் யோசிச்சுப் பாத்தேன்யா. நீ சொன்னதுதான் நியாயம். லைசென்ஸ் தேதிதான் கணக்கு. நீதான் முதல்ல இருக்கணும். நமக்குள்ள எதுக்குச் சண்டை? கையெழுத்துப் போட்டு இடத்த மாத்திக்கலாம். பாதையையும் நீயே முதல்ல எடுத்துக்கலாம்…”

முழுக்கக் கேட்டான்.

“முடிச்சிட்டியா?”

“முடிச்சிட்டேன்.”

“கிராணி காலையில பூசைக்கு வந்தாரு” என்றான் அந்தோணி.

அந்த வீட்டுத் தரை மண் தரை. அதில் எறும்பு ஒன்று போய்க்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“கோவமில்லய்யா. ஒண்ணு சொல்றேன் கேளு. அன்னைக்கு பெஞ்சுக்கு அடியில தலைதான் விழுந்துச்சு. நான் எதிர்ப் பக்கத்துலேர்ந்து பாத்தேன்.”

ஆமாம். தலைதான். ராஜா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரலால் புரட்டினேன்.

“அப்பவே சொல்லியிருக்கலாமே” என்றேன், என்னவோ தப்பு அவன்மேல் இருக்கிற மாதிரி.

“உன் சம்சாரம் போயி இருபது நாளு. அன்னைக்கு உங்கிட்ட யாரு சண்டை போடுறது. இன்னொரு நாள் வச்சுக்கலாம்னு விட்டேன்.” சட்டைக் கையை மடித்தான். “ஆக, அது என் நம்பரு. எட்டு மாசமா ஊரெல்லாம் அது என் நம்பருன்னுதான் சொல்லிட்டுத் திரியறேன். இப்ப சயாம்னதும் எனக்கு வேணாம்னு சொன்னா, பாதைக்காகத்தான் கத்தினேன்னு ஆயிரும். கத்துனது அதுக்கில்ல. குடு காகிதத்த.”

“வேண்டாம்யா” என்றேன்.

“குடுய்யா.”

“வேண்டாம். நான் வந்ததே தப்பு.”

நம் ஊரில் விருந்துக்குப் போன இடத்தில் இலையில் ஒன்றை வைக்க வந்தால் வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்வோம். மூன்றாம் தடவையும் வற்புறுத்தினால் கையை எடுத்துவிடுவோம். அதுதான் மரியாதை, சின்ன வயதிலிருந்து பழக்கம். அந்தோணி மூன்றாம் தடவை கையை நீட்டினான். நான் சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்தேன். ஏற்கெனவே எழுதி, என் கையெழுத்தையும் போட்டுக்கொண்டுதான் போயிருந்தேன். அதையும் அவன் பார்த்தான். அதற்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டான்.

லூர்தம்மா காப்பியோடு வந்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது.

“என்ன, ரெண்டு பேரும் பேசிட்டீங்களா? யாரு மூத்தவருன்னு முடிவாயிருச்சா?”

“ஆயிருச்சு, நான்தான்” என்றான் அந்தோணி.

“அப்ப இனிமே தங்கச்சின்னு கூப்பிடக் கூடாது. அண்ணின்னு கூப்பிடணும்” என்றாள் என்னிடம்.

“கூப்பிடுறேன், கூப்பிடுறேன்” என்று காப்பியைக் குடித்தேன். நாக்கு பொத்துப்போயிற்று. கூப்பிடவில்லை.

ரயிலுக்குக் கிளம்பும்போது வாசல் வரை வந்தான்.

“வள்ளி எந்த வகுப்பு?”

“மூணு.”

“தமிழ் எழுத வருமா?”

“ஜப்பான்தான் எழுதுறா.”

“சொல்லிக் குடுய்யா. மத்தியானத்துல வீட்லதானே இருக்க.”

7

செவ்வாய்க்கிழமை அவன் ரயிலேறினான். நான் லாபிஸ் வண்டியில் இருந்தேன். மேட்டில் பஸ் நின்றுபோய், கண்டக்டரை ஸ்டியரிங்கில் உட்காரவைத்துவிட்டு நானும் எல்லாரோடும் தள்ளிக்கொண்டிருந்தபோது தூரத்தில் ரயில் ஊதியது. அது அந்த ரயில்தானா என்று தெரியாது. என்னோடு தள்ளியவர்களில் ஒருவர் நான் சரியாகத் தள்ளவில்லை என்று திட்டினார்.

சண்டை முடிந்தது. சிலர் திரும்பி வந்தார்கள், எலும்பாக. அவர்களிடம் கேட்டோம். லாரி ஓட்டுகிற அந்தோணியா, மேல் முகாமில் இருந்தார் என்றார் ஒருவர். இன்னொருவருக்குத் தெரியவில்லை. அதற்கு மேல் யாரும் வரவில்லை. எந்த ஆபீசில் எழுதிக் கேட்டாலும் இன்னொரு ஆபீசின் பெயரைத்தான் எழுதி அனுப்பினார்கள். லூர்தம்மா தோட்டத்து ஆஸ்பத்திரியில் துணி துவைக்கப் போனாள்.

கம்பெனி ஒன்றாகவே இருந்துவிட்டது. அந்தப் பட்டியலையும் யாரும் மாற்றவில்லை, மேலே அந்தோணி, அடுத்து நான். லாயாங் லாயாங் பாதையை நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஏன் வாங்கிக்கொண்டேன் என்று கேட்டால், தெரியாது. “பேர் இருக்கா?” என்பாள். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே “இருக்கு” என்பேன். தங்கச்சி என்றும் சொல்வதில்லை, வேறு எதுவும் சொல்வதில்லை. இரண்டு வருஷமாக அவளை முறை சொல்லிக் கூப்பிடாமலே பேசிக்கொண்டிருக்கிறேன். அது எவ்வளவு கஷ்டம் என்று நம் ஆட்களுக்குத்தான் தெரியும்.

வள்ளி இப்போது ஆங்கிலப் பள்ளியில் படிக்கிறாள். ஜப்பான் பாட்டு மறந்துவிட்டது, அல்லது மறந்த மாதிரி இருக்கிறாள். என்னோடு மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசுவாள். தமிழ் எழுத்தை மத்தியானங்களில் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அதிகம் ஏறவில்லை. ஒரு பெயரை மட்டும் பிழையில்லாமல் எழுதுவாள், ஏனென்றால் அதைத்தான் திரும்பத் திரும்ப எழுதப் போட்டேன். அவள் பெயர் இல்லை அது.

தம்பிக்குப் பதில் எழுதிவிட்டேன். முதல் மரியாதையைப் பெரியப்பா மருமகனுக்குக் கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன். அவர் இரண்டு தடவை வேண்டாம் என்பார், மூன்றாம் தடவை கொடுக்கவும் என்று எழுதினேன். எழுதிய பிறகு அந்த வரியை அடித்துவிட்டேன்.

8

இது மறுநாள் எழுதுவது.

காலையில் கொட்டகைக்குச் சீக்கிரம் போனேன். பென்சிலை எடுத்து, டைப் அடித்த என் பெயருக்கு மேலே இருந்த கொஞ்சம் இடத்தில் அந்தோணி என்று எழுதினேன். என் நம்பரை அடித்து இரண்டு என்று போட்டேன். நின்றுகொண்டே எழுதியதில் எழுத்து கோணலாக வந்தது. வள்ளி இன்னும் நன்றாக எழுதியிருப்பாள்.

அதே கிராணிதான் இன்னும் இருக்கிறார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

“ஆபீஸ் காகிதத்துல எழுதக் கூடாது, முத்தையா. அழிக்கணும்.”

“அழிங்க. நாளைக்கு நான் மறுபடி எழுதுவேன்.”

“சங்கத்துல தீர்மானம் போட்டிருக்கு.”

“நான்தான் கை தூக்குனேன். இப்ப எறக்கிட்டேன்.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். பிறகு உள்ளே போய்விட்டார். அழிப்பான் கொண்டுவரத்தான் போகிறார் என்று நினைத்தேன். வண்டி கிளம்புகிற வரை வரவில்லை.

லாயாங் லாயாங்கில் அவள் நின்றிருந்தாள், துணி மூட்டையோடு. எப்போதும் போல் ஜன்னலுக்கு வரவில்லை, இரண்டடி தள்ளியே நின்றாள். என்ஜினை நிறுத்தினேன். ஆள் ஏறியிருக்கும்போது என்ஜினை நிறுத்தக் கூடாது என்பது கம்பெனி விதி.

“பேர எடுத்துட்டாங்களாமே” என்றாள். “நேத்து வண்டியில வந்தவரு சொன்னாரு.”

“எடுத்தாங்க. திரும்பப் போட்டாச்சு.”

“யாரு போட்டா?”

“அவருக்கு அடுத்த ஆளு” என்றேன். பிறகு சொன்னேன். “நான்தான் போட்டேன், அண்ணி.”

அவள் மூட்டையைக் கீழே வைத்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். பஸ்ஸுக்குள் யாரோ, என்னப்பா வண்டி நின்னுபோச்சா, எறங்கித் தள்ளணுமா என்று பழைய ஞாபகத்தில் கேட்டார்கள்.

“எறங்கி வாங்க” என்றாள் அண்ணி. “அன்னைக்கு என் வீட்டுல என்ன பேசினீங்கன்னு சொல்லிட்டுப் போங்க.”

கதவைத் திறந்துகொண்டு இறங்கினேன்.